காலாவதியான பாஸ்போர்ட்டும் காலாவதியாகாத மச்சானும்

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த போட்டி எதிலும் நான் ஜெயித்ததில்லை. பூவா தலையா போட்டால்கூடக் காசு என் மனைவியைக் கேட்டுக்கொண்டுதான் விழும். ஆனால் இந்த முறை என் பக்கம் அரசாங்கமே நின்றது.

என் மனைவியின் தங்கை வெளிநாட்டில் இருக்கிறாள். போய் இறங்கிய இடத்திலேயே விசா கொடுத்துவிடும் நாடு. அங்கே புது வீடு வாங்கியிருந்தார்கள். ஒரு மாதம் வந்து தங்கியே ஆக வேண்டும் என்று டிக்கெட்டையும் போட்டு அனுப்பிவிட்டாள். மச்சினி நல்ல பெண். அவள் புருஷன், என் சகலை, அவனிடம்தான் சிக்கல். சண்டையெல்லாம் இல்லை. அவன் பேசுவான், நான் கேட்க வேண்டும், அவ்வளவுதான். போனிலேயே வீட்டைச் சுற்றிக் காட்டுவான். போன தடவை பாத்திரம் கழுவும் மெஷினைப் பற்றி அவன் சொல்லி முடிப்பதற்குள், இங்கே நான் எல்லாப் பாத்திரத்தையும் கையால் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அவனோடு ஒரு மாதம் என்று நினைத்தபோதே காது வலித்தது.

அப்போதுதான் பீரோவில் இருந்த என் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். காலாவதி. என்ன இனிமையான சொல். பெண் குழந்தைக்கே வைக்கலாம். பக்கத்தில் இருந்த மனைவியின் பாஸ்போர்ட் தீர்க்காயுசாக இருந்தது. அதைப் போன வருஷமே புதுப்பித்துவிட்டாள். என்னுடையதையும் கேட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். என் சோம்பேறித்தனம் எனக்கு உபகாரம் செய்தது அதுதான் முதல் தடவை.

திட்டம் சுலபம். வாயைத் திறக்கக் கூடாது. கடைசி நேரத்தில் கண்டுபிடித்தது போல அதிர்ச்சி அடைய வேண்டும். அவள் மட்டும் போவாள். ஒரு மாதம் வீடு எனக்கு. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடலாம். சோபாவில் சாப்பிட்டு சோபாவிலேயே தூங்கலாம். டிவி ரிமோட் முதல் முறையாக என் கைச்சூட்டை அறியும்.

வாயை மூடிக்கொண்டு இருப்பது வேலையே இல்லை என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு அனுபவம் அதிகம். ஆனால் ரகசியம் வயிற்றில் இருந்தால் உட்கார முடியாது என்பது தெரியாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். மாடிப்படியில் ஏறி, எதற்கு ஏறினோம் என்று யோசித்து, இறங்கினேன். எதிர்வீட்டு வக்கீல் என்னைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வந்துவிட்டதா, டாக்டர் நடக்கச் சொன்னாரா என்று விசாரித்தார். பெட்டியில் துணி வைக்கும்போதெல்லாம் மனைவி பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்பாள். பத்திரமாக இருக்கிறது என்பேன். அது பொய்யில்லை. பத்திரமாகத்தான் இருந்தது. உயிரோடு இல்லை.

இனி தாங்காது என்ற நிலையில் ஒரு காலை பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அவள் எதிரில் நின்று, நெற்றியில் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது.

"இதோட தேதி முடிஞ்சிருக்கும்மா."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அப்படியா?"

"இனிமே கொடுத்து வாங்க நேரமே இல்லையே."

"ஆமாங்க, கஷ்டம்தான்."

"நீ போயிட்டு வா. உன் தங்கச்சி ஆசையா கூப்பிட்டிருக்கா. நான் எப்படியோ காலத்தை ஓட்டிக்கறேன்." இந்த இடத்தில் என் குரல் உடைந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவள் பெட்டியிலிருந்த என் சட்டைகளை எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நீங்க தனியா கஷ்டப்பட வேண்டாம்," என்றாள். "அண்ணன்கிட்ட பேசிட்டேன். இந்த மாசம் முழுக்க அவர் உங்ககூடத்தான் இருப்பார்."

எப்போது பேசினாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மச்சான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், விசில் பெறவில்லை. தும்மினால்கூட ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் தும்முவார். போன முறை எங்கள் வீட்டில் தங்கியபோது விடிவதற்கு முன்னால் விசில் ஊதினார். நான் எழுந்து குனிந்து கால் விரலைத் தொட முயன்றேன். எனக்கும் விரலுக்கும் நடுவில் தொப்பை குறுக்கே நின்றது. பால்காரர்கூட வாசலில் விறைப்பாக நின்றுதான் பாலை ஊற்றினார். சோபாவில் சாய்ந்தால் முதுகெலும்பைப் பற்றி உரை. வேகவைத்த காய்கறி, உப்பில்லாமல்.

சகலையா மச்சானா என்று மனம் தராசு பிடித்தது. சகலை பேசும்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம். மச்சான் இருக்கும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டும் தூங்க முடியாது. அன்றைக்கே பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஓடினேன்.

முதலில் ஸ்டுடியோவில் புகைப்படம். சிரிக்கக் கூடாது என்றார் போட்டோக்காரர். கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது, பழக்கம் இருக்கிறது என்றேன். படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சோகம் வேண்டாம் சார் என்று மறுபடி எடுத்தார்.

ஆபீசில் வரிசை வரிசையாக நாற்காலிகள். எல்லோரும் சுவரிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் நான்தானா என்று எழுந்தேன். கடைசியில் என் நம்பர் வந்தபோது குடிநீர்க் குழாயடியில் இருந்தேன். வாயில் தண்ணீரோடு ஓடிப்போய் நின்றேன். அவசரப் பிரிவில் இருந்த அதிகாரி அம்மாள், எதற்கு இத்தனை அவசரம் என்றார்.

தண்ணீரை விழுங்கிவிட்டு, "மச்சான் வர்றார் மேடம்," என்றேன்.

"எங்கேருந்து?"

"எங்க வீட்டுக்கு."

கேட்டது அதுவல்ல. ஆனாலும் அவர் முகத்தில் ஓர் இரக்கம் தெரிந்தது. அவருக்கும் யாரோ இருக்க வேண்டும். மேலே ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

அடுத்து, விசாரணைக்காகப் போலீஸ் ஏட்டு வீட்டுக்கு வந்தார். என்னிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, காபி கொண்டு வந்த மனைவியிடம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா? தப்பு தண்டா ஏதாவது?"

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். ஏட்டு பேனாவை மூடுவதா வேண்டாமா என்று பார்த்தார்.

"போலீஸ்ல சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள்.

ஏட்டு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் கம்மியாகவும் அனுதாபம் கொஞ்சம் தூக்கலாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான அவஸ்தை. தபால்காரருக்காக வாசலில் காத்துக் கிடந்தேன். தெருவில் எந்த வண்டி மணி அடித்தாலும் ஓடினேன். பழைய பேப்பர் வாங்குகிறவர் வண்டியை நிறுத்தி, போட பேப்பர் இருக்கிறதா என்றார். வர வேண்டியிருக்கிறது என்றேன். உள்ளே மனைவி நிதானமாகத் தன் பெட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது அண்ணன் போனில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிவித்தாள். புது ஷூ வாங்கியிருக்கிறாராம். உடம்பை நன்றாகத் தயார் செய்திருக்கிறாராம். கேட்கக் கேட்க என் நடை ஓட்டமாயிற்று.

புறப்படுவதற்கு முதல் நாள் பாஸ்போர்ட் வந்தது. தபால்காரரைக் கட்டிக்கொண்டேன். அவர் கையெழுத்து மட்டும் போதும் என்றார். உள்ளே ஓடி, நானும் வருகிறேன், மச்சானுக்கு வீண் சிரமம் வேண்டாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, படத்தில் நன்றாக இருக்கிறீர்கள் என்றாள். சட்டைகள் பீரோவிலிருந்து பெட்டிக்குத் திரும்பின. மச்சானிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். என் திட்டம் போனால் போகட்டும், தலை தப்பியது என்று அன்றுதான் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

விமான நிலையத்தில் பெட்டிகளை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். முதுகில் ஒரு விரல் குத்தியது.

"கூனாதீங்க மாப்ளே."

வெள்ளை ஷூ, வெள்ளை பேன்ட், மச்சான். வழியனுப்ப இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. பிறகு அவர் கையிலிருந்த பாஸ்போர்ட் கண்ணில் பட்டது. நான் மனைவியைப் பார்த்தேன்.

"சின்னவ மூணு பேருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போட்டா," என்றாள். "டிக்கெட்டுக்கு உங்க பாஸ்போர்ட் தேதியைக் கேட்டப்பவே எடுத்துப் பார்த்துட்டேன்."

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க போய் மாத்தியிருப்பீங்களா? அண்ணனும் வர்றார்னு தெரிஞ்சா பீரோவோட சேர்த்துப் பூட்டி வச்சிருப்பீங்க."

வரிசை நகர்ந்தது. மச்சான் என் தோளைப் பிடித்து நேராக நிமிர்த்தினார். சகலை புது வீட்டில் பெரிதாக ஓர் உடற்பயிற்சி அறை கட்டியிருக்கிறானாம். அதைத் தொடங்கி வைக்கத்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறானாம்.

"எல்லாம் பேசி வச்சாச்சு மாப்ளே," என்றார். "ஒவ்வொரு மெஷினையும் அவர் விளக்கிச் சொல்வார். நான் விசில் ஊதுவேன். நீங்க செஞ்சு காட்டினா போதும்."