கப்பலில் ஜிப் பாய்க்கு ஒரு காபி

தாராவியில் ஜிப் பாய் என்று ஒருவர் இல்லாமல் போயிருந்தால், பம்பாயில் பாதிப் பேருடைய பை வாய் திறந்தே கிடந்திருக்கும். இதைச் சொன்னவர் ஜிப் பாய்தான். மீதிப் பாதிப் பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அவர்களிடம் பையே இல்லை என்றார்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் அதைக் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையத்துக்காரர். தாராவியின் ஒரு சந்துக்குள் ஜிப்புக் கடை வைத்திருந்தார். பக்கத்தில் சயானில் ஒரு பை கம்பெனியில் நான் கொள்முதல் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் அவரிடம் ஜிப்பு வாங்கினேன்; அதைவிட அதிகமாகத் திட்டு வாங்கினேன்.

பழுதான ஜிப்பைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. சட்டைப் பையில் எப்போதும் விரல் நீளத்துக்கு ஒரு குறடும் நாலைந்து ரன்னரும் இருக்கும். ரன்னர் என்பது ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிற அந்தப் பிடி. ஒருமுறை கல்யாணில் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் சயானில் ரயில் ஏறினோம். எங்களுக்கு முன்னால் முதுகுப் பையோடு ஒரு ஆள் நின்றார். பையின் ஜிப்பு பிளந்திருந்தது. குர்லா வருவதற்குள் பாய் ரன்னரைக் கழற்றிவிட்டார். காட்கோபரில் அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். விக்ரோளியில் எங்கள் இரண்டு பேரையும் இறக்கி ரயில்வே போலீஸிடம் ஒப்படைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து நாங்கள் வெளியே வந்தபோது அந்தப் போலீஸ்காரரின் டிபன் பை மிகச் சரியாக மூடிக்கொண்டது. கல்யாணத்தில் சாப்பாடு மட்டும் முடிந்துபோயிருந்தது.

இன்னொன்று, காபி. தாராவி டீயில் ஓடும் ஊர். பாய் மட்டும் காலையில் ஒரே ஒரு காபி, மாதுங்காவில் அரைத்து வாங்கிய பொடியில், தானே இறக்கித் தானே கலந்து குடிப்பார். அதுவரை வாயைத் திறக்க மாட்டார். அதிகாலைச் சுபுஹுத் தொழுகையில் அல்லாவிடம் பேசுவார். மனிதர்களிடம் பேச்சு காபிக்குப் பிறகுதான். அதுவும் நல்ல காபியாக இருக்க வேண்டும். மோசமான காபி கணக்கில் சேராது.

இதனால் அதிகம் பயனடைந்தவர் அவர் மனைவி. மகள் கல்யாணம், மகன் வேலை, பிரிட்ஜ், புது ஜன்னல் என்று அந்த வீட்டின் பெரிய முடிவுகள் எல்லாம் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எடுக்கப்பட்டவை. பாய் தலையைப் பலமாக ஆட்டி மறுத்துப் பார்ப்பாராம். இருட்டில் தலையாட்டினால் எனக்கு எப்படித் தெரியும் என்பாராம் அந்த அம்மா.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு ஜிப்பு கம்பெனி கப்பலில் ஏற்றியது. பழைய வியாபாரிகளையும் என்னைப் போல மொத்தமாக வாங்குகிறவர்களையும் மும்பையிலிருந்து கோவா வரை போய்த் திரும்பும் மூன்று இரவு உல்லாசப் பயணம் கூட்டிப்போனார்கள். உல்லாசத்துக்குக் காரணம் இருந்தது. ரோல் ரோலாக வரும் ஜிப்பை நிறுத்திவிட்டு, அளவெடுத்து நறுக்கி முனை ஒட்டிய ஜிப்பை மட்டும் விற்கப் போகிறார்கள். மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்து அதைச் சொல்வார்கள். வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ள ரோல் இல்லையென்றால் தாராவியில் சின்னப் பட்டறைகள் பாதி படுத்துவிடும். அவர்கள் சார்பில் பேச ஜிப் பாயைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவர் பேசினால் மேலாளர்கள் தண்ணீர் கேட்பார்கள்.

துறைமுகத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்தார்கள். பாயின் பெட்டியில் தண்ணீர் காய்ச்சும் மின்சாரக் காயிலும், இரண்டடுக்குப் பித்தளைப் பாத்திரமும், அதற்குள் இறுக்கி அடைத்த பழுப்புப் பொடியும் கிடைத்தன. நாலு பேர் கூடி மோந்து பார்த்தார்கள். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பிடித்த சந்தோஷத்தில் சட்டைப் பையைப் பார்க்கவில்லை. ஆகவே குறடு, குறட்டை இரண்டும் பாயோடு கப்பல் ஏறின. இரண்டாவதற்கு நான் சாட்சி. எங்கள் இருவருக்கும் ஒரே அறை.

மறுநாள் காலை காபி தேடிப் புறப்பட்டோம். அந்தக் கப்பலில் ஆறு இடத்தில் காபி என்று எழுதியிருந்தது. காபி ஓரிடத்திலும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் இயந்திரம் இருமி இருமி ஒரு கோப்பை கொடுத்தது. பாய் ஒரு வாய் வைத்தார். பிறகு இறந்தவரின் முகத்தைத் துணியால் மூடுவது போலக் கோப்பையைத் தட்டால் மூடினார். மேல்தளத்தில் நுரையின் மேல் ஓர் இலை வரைந்து கொடுத்தார்கள். பாய் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். நீச்சல்குளத்தருகே கிடைத்ததில் ஐஸ் மிதந்தது. அதை அவர் தொடவே இல்லை.

அன்று முழுக்க அவர் பேசவில்லை. கேபின் ஜன்னல் திறக்குமா என்று கேட்டேன். பதில் இல்லை. மத்தியானம் மீன் எப்படி என்று கேட்டேன். பதில் இல்லை. சாயங்காலத்துக்குள் மற்ற வியாபாரிகளுக்கும் விஷயம் பரவிவிட்டது. பாய்க்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். ஜிப்பு கம்பெனிக்காரர்கள் ஏதோ கொடுத்து வாயை அடைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கொடுக்காததுதான் பிரச்சினை என்று நான் விளக்கியதை யாரும் நம்பவில்லை.

வாய்தான் வேலைநிறுத்தம் செய்தது, கை இல்லை. எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த ஊழியரின் இடுப்புப் பையில் ஜிப்பு பல் இளித்திருந்தது. பாய் அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். அந்த மனிதர் முதலில் பயந்து, பிறகு புரிந்து, பிறகு ஆனந்தமாகப் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கப்பல் ஊழியர்கள் மாதக்கணக்கில் வீட்டைவிட்டு இருப்பவர்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் குடும்பத்துக்கே துணி அடைப்பார்கள். அதில் எந்த ஜிப்புதான் தாங்கும்? இருட்டுவதற்குள் எங்கள் வாசலில் ஏழெட்டுப் பெட்டிகள் வரிசையாக நின்றன.

கூட்டத்தன்று காலை ஏழு மணிக்கு ஓர் ஆள் பெரிய நீலப் பெட்டியோடு வந்தார். ஆறடி உயரம், ஐம்பதை நெருங்கும் வயது. பாய் தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். “வெளிச்சத்த மறைக்காதீங்க” என்று நான் என்னையறியாமல் தமிழில் சொன்னேன்.

அவர் சிரித்தார். “அண்ணாச்சி தமிழா? நான் தூத்துக்குடி.”

அவர் பெயர் ஜெரோம். கீழ்த்தளத்தில் ஊழியர்களுக்குச் சமைக்கிறவர். ஒன்பது மாதம் கழித்து மறுநாள் மும்பையில் இறங்கி ஊருக்குப் போகிறார். அடுத்த வாரம் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவர் தன் கதையைச் சொன்னார். நான் என் துயரத்தைச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் தமிழ்ப் பரீட்சை எழுதியதற்குப் பிறகு நான் இவ்வளவு உருக்கமாகத் தமிழைப் பயன்படுத்தியதில்லை.

ஜெரோம் பாயைப் பார்த்தார். “காபி இல்லாமலா ரெண்டு நாளா இப்பிடி இருக்காரு? கீழ எங்க மெஸ்ஸுல நாங்க அஞ்சு பேரு வீட்டுப் பொடி வச்சிருக்கோம். அர மணி பொறுங்க.”

ஊழியர் சாப்பாட்டறையிலிருந்து பயணிகளின் அறைக்கு எதையும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அது ஜெரோமுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஒரு பிளாஸ்க் வந்தது. திறந்ததும் அந்த அறை கப்பலாக இல்லாமல் போயிற்று. பாய் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். நானும் ஜெரோமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“பாலு ஒரு பொட்டு கூடிப்போச்சு” என்றார் பாய்.

பிறகு என் பக்கம் திரும்பி, நிலுவையில் இருந்ததை வரிசையாகத் தீர்த்தார். “ஜன்னல் திறக்காது வே, அது ஒட்டுன கண்ணாடி. மீனு நல்லால்ல. நேத்து ராத்திரி நான் கொறட்ட விடுதேன்னு ஒம்ம வீட்டுக்காரிகிட்ட போன்ல சொன்னீரு. நான் தூங்கல, கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.”

எனக்கு அழுகை வராத குறை. தாராவி பிழைத்தது என்று நினைத்தேன். ஜெரோம் பிளாஸ்கோடும் பெட்டியோடும் வெளியே போனார். வராந்தாவில் அவருடைய மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குக் கப்பல் அதிகாரியின் அறைக்கு வரும்படி ஜெரோமுக்கு உத்தரவாயிற்று. அவர் பதிவேட்டில் ஒரு வரி தப்பாக ஏறினால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் நிச்சயதார்த்தமே. இதை எங்களிடம் வந்து சொன்னவர் அறை சுத்தம் செய்கிற ஊழியர். பாய் உடனே செருப்பை மாட்டினார்.

“பாய், பதினோரு மணிக்குக் கூட்டம்” என்றேன்.

“நீரு பேசும்.”

“எனக்கு ஜிப்பப் பத்தி என்ன தெரியும்?”

“பதினோரு வருசமா எங்கிட்ட குத்தம் கண்டுபிடிச்சே சரக்கு எடுத்தீருல்லா? அது போதும். எங் காபிக்காக ஒரு மனுசன் அங்க நிக்கான்.”

போய்விட்டார். இரண்டு நாள் தவமிருந்து வரவழைத்த பேச்சு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார்.

அங்கே நடந்ததைப் பிறகு ஜெரோம் சொன்னார். காபியை ஓசியில் கொடுத்தாரா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஓசி என்றால் திருட்டாகிவிடும் என்று பயந்து, தன் பம்பாய் இந்தியில், “ஓசி இல்லை சாகேப், ரிப்பேர் கூலி” என்று பாய் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதிகாரி இரண்டாவதாக ஒரு காகிதத்தை எடுத்தாராம். அனுமதியில்லாமல் கப்பலில் தொழில் நடத்துவது தனிக் குற்றம். அதுவரை எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் ஜெரோம் நம்பியிருந்தார். பாய் வாயைத் திறந்ததும் தூத்துக்குடி ரொம்பத் தூரமாகத் தெரிந்தது என்றார்.

பாய் ஜெரோமுக்கு முன்னால் வந்து நின்றாராம். பிறகு, இந்த ஆள் மாட்டேன் என்றுதான் சொன்னார், நான்தான் மிரட்டிக் கொண்டுவரச் சொன்னேன், எழுதுவதை என் பேரில் எழுதுங்கள் என்றாராம். அதிகாரி ஐந்தடிப் பாயையும் ஆறடி ஜெரோமையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஜெரோமின் பதிவேட்டை மூடிவிட்டார். பதிலுக்குப் பாயிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினார்: கப்பலைவிட்டு இறங்கும்வரை எந்த ஜிப்பையும் தொடுவதில்லை.

மேலே நான் மைக்கின் முன் நின்றேன். என் இந்தி, சரக்கு எப்போது வரும் என்பதைத் தாண்டாதது. வியாபாரிகள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையின் சாயல்கூட இல்லை. வேறெதுவும் தெரியாததால் அன்று காலை பார்த்ததைச் சொன்னேன். நீங்கள் இங்கே காட்டுகிற புது ஜிப்பு மாதிரிதான் ஒருவருடைய பெட்டியில் இருந்தது. முனை ஒட்டியது. ரன்னர் போனால் பெட்டியையே தூக்கிப்போட வேண்டும். எங்கள் பாய் முனையை வெட்டி, பழைய ரோலின் ரன்னரை ஏற்றினார். ஒன்பது மாதச் சாமானோடு அந்தப் பெட்டி நாளைக்கு ஊருக்குப் போகிறது. இவ்வளவுதான் சொன்னேன். கைதட்டினார்கள். மேலாளர் குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் அலுவலகத்தில் அதைத்தான் செய்வேன்.

மிச்சப் பயணத்தில் பாய் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். மேல்தளத்தில் உயிர்காப்புச் சட்டைகள் வைத்திருந்த உறைகளில் ஒன்று திறந்து தொங்கியது. அதைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். எதிரே வந்த அம்மாளின் ஐஸ்கிரீம் அவர் சட்டையில் ஏறியது. வாசலில் பழுது பார்க்காமல் மூன்று பெட்டிகள் நின்றன. அவற்றின் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தார்.

ரோல் ஜிப்பை முழுதாக நிறுத்தவில்லை. கறுப்பும் பழுப்பும் தொடரும் என்று சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சந்தில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். பாய் மட்டும் சாம்பல் நிறத்தை ஏன் சொல்லவில்லை என்று ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். பாய் நவி மும்பையில், கோபர்கைரனேயிலுள்ள மகள் வீட்டில் இருக்கிறார். நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் செம்பூரில் இருக்கிறேன். தினம் காலை ஏழரைக்குப் போன் செய்வார். என்ன செய்கிறீர் என்பார். ஒன்றுமில்லை என்பேன். சரி, வைக்கிறேன் என்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. என் மனைவி இதைப் பெரிய தொல்லை என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

போன மாதம் ஒருநாள் ஏழரைக்குப் போன் வரவில்லை. ஏழே முக்காலுக்கு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எட்டு மணிக்குச் செம்பூரில் ரயில் ஏறி, வாஷியில் வண்டி மாறி, கோபர்கைரனேயில் மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். பாய்தான் திறந்தார். பேரப்பிள்ளை போனைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டதாம்.

இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறினேன் என்றேன். கோபர்கைரனேயில் எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.