தண்ணி அடிக்கக் கூடாது

“நாந்தானுங்க தண்ணி அடிச்சேன். மூணு நாளா, மூணு வேளையும்.”

“போர்டைப் பாக்கலையாக்கா?”

“பாத்தனுங்க. ‘இங்கே தண்ணி அடிக்கக் கூடாது’ன்னு இருந்துது. அது ஆம்பளைங்களுக்குன்னு உட்டுட்டனுங்க.”

வேலுமணி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். துடியலூர் கொட்டகையில் அவனுடைய நூறு கட்டடக் கற்களும் உப்புப் பூத்து நின்றன. காலி மது பாட்டில்களை மாவாக அரைத்து, அனல்மின் நிலையச் சாம்பலும் காஸ்டிக் சோடாக் கரைசலும் சேர்த்து, சிமெண்டே இல்லாமல் வார்த்தவை. சூட்டில் இறுகும், ஆரம்பத்திலேயே ஈரம் பட்டால் கெட்டுப்போகும். பன்னிரண்டு வருடம் சிமெண்ட் கல்லுக்குத் தண்ணீர் அடித்துப் பழகி, இந்த வாரம்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்த காளியாத்தாளுக்கு அது எப்படித் தெரியும்?

பதினோரு மணிக்கு இன்ஜினியர் பிரத்யுஷா கல்லைப் பார்க்க வருகிறார். அவர் வேண்டாம் என்றால் கொட்டகையை ஜிம்முக்கு வாடகைக்கு விடப்போவதாக மனைவி மௌனிகா சொல்லிவிட்டாள். ஜிம்காரர் இரண்டு முறை வந்து சுவரை அளந்தும் போய்விட்டார்.

“துடைங்கக்கா!”

ஈரத்துணியால் துடைத்தார்கள். காயக் காய இன்னும் வெளுத்தது. வெயிலுக்குத் தூக்கினார்கள். மூலைகள் பிஸ்கட்டாய் உதிர்ந்தன.

மணி பத்தரை. வேலுமணி பக்கத்துக் கொட்டகைக்கு ஓடினான். அங்கே சிமெண்ட் கல் விற்பவன் ஆல்வின்.

“பத்து கல்லு குடு ஆல்வின். எதுக்குன்னு கேக்காத.”

ஆல்வின் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றியே கொடுத்தான்.

பதினோரு மணிக்கு வந்த பிரத்யுஷா அந்தப் பத்தில் ஒரு கல்லைத் தட்டினார். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலுமணிக்குத்தான் மூச்சு நின்றது.

“சூப்பருங்க. இதுல சிமெண்ட் கொஞ்சங்கூட இல்லீங்களா?”

“ஒரு பொட்டுக்கூட இல்லீங்க அம்மணி.”

“அப்ப ஒண்ணை லேபுக்கு எடுத்துட்டுப் போறேன். சிமெண்ட் இல்லைன்னு ரிப்போர்ட் வந்தா ஆர்டர் உங்களுக்குத்தான்.”

கல்லோடு கார் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறியது. வேலுமணி மறுபடி ஓடினான்.

“மோசம் போயிட்டேன் ஆல்வின்! உன்ற கல்லு லேபுக்குப் போகுது. சிமெண்ட்டுன்னு கண்டுபிடிச்சிருவாங்க!”

ஆல்வின் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான்.

“லேபுக்காங்ணா? அய்யோ... அது போன மாசம் நீங்க நிறம் சரியில்லைன்னு பின்னாடி கொட்டுன கல்லுங்ணா! சாம்பக் கலர் பூசி, சிமெண்ட் கல்லுன்னு ஊரெல்லாம் வித்துட்டு இருக்கேன். அந்த ரிப்போர்ட்டை யாருக்கும் காட்டாம கிழிச்சுப்போடறீங்களாங்ணா?”