மாடி வீட்டு மாமாவின் கன்னம்

இந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் படத்துக்குப் போவது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

இந்தத் தீர்மானம் புதன்கிழமை மாலை எங்கள் குளியலறையில் ஏகமனதாக நிறைவேறியது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். குழாயையும் திறந்து விட்டிருந்தேன்.

நான் பல் டாக்டர். கிளினிக்கில் நாளெல்லாம் நான் ஒருவன்தான் பேசுவேன். எதிரே படுத்திருப்பவர் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு, “ஆ, ஆ” என்பார். அதை நான் ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வேன். அரசியல், வானிலை, சினிமா என்று நான் எதைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும் இதுவரை ஒரு நோயாளிகூட மறுத்ததில்லை. வீட்டுக்கு வந்தால் நாற்காலி மாறிவிடும்.

என் மனைவி கணக்கு டீச்சர். தேர்வு அறைக் கண்காணிப்பில் அவளுக்குப் பெரிய பெயர். அவள் உள்ளே நுழைந்தாலே பிட் வைத்திருக்கும் பையன்கள் தாங்களாகவே எழுந்து வந்து கொடுத்துவிடுவார்களாம். யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்களாம். வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலவரம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று படங்கள் வெளியாவதாக இருந்தன. ஒன்று பேய்ப் படம். இரண்டாவது அழுகைப் படம்: அம்மா, இரண்டு பெண்கள், ஒரு வியாதி. மூன்றாவதுதான் என் படம். எனக்கு மீசை அரும்பிய காலத்திலிருந்து நான் பைத்தியமாக இருக்கும் நாயகன், பல வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி சண்டை போட வருகிறார். அந்த நாளில் அவர் மாதிரியே முடியை வாரிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது வாருவதற்கு எனக்கு முடி இல்லை. அவருக்கு மட்டும் கூடியிருக்கிறது. அதையெல்லாம் ரசிகன் கேட்கக்கூடாது.

பெரிய திரையில் அவரைப் பார்த்தே தீரவேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்த்த படங்களில் செத்துப்போன அம்மாக்களை வரிசையாக நிற்கவைத்தால் எங்கள் தெரு கொள்ளாது. போதும். நர்ஸிடமே சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை வந்து சண்டைப் படத்தின் கதையைச் சொல்கிறேன் என்று.

“அக்கா ஒத்துக்கிட்டாங்களா சார்?” என்றாள் அவள். நல்ல நர்ஸ்தான். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

“இந்த வாரம் ஒரு பேய்ப் படம் வருதாம்.”

“எதுக்கு? நீங்க வாயைத் திறந்துட்டுத் தூங்கறதைத்தான் தினம் பாக்கறேனே.”

பேய் அத்துடன் ஒழிந்தது.

“ஒரு சண்டைப் படமும் வருதாம்.”

“அப்படியா?”

“அழுகைப் படம் ஒண்ணும்...”

“மாமா பாத்துட்டு வரட்டும். அப்புறம் சொல்றேன்.”

மாமா என்பவர் எங்கள் மாடி வீட்டுக்காரர். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்தப் படம் வந்தாலும் வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுவார். அவர் தீர்ப்பு சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. அதற்காக அவருடைய ரசனையை என் மனைவி மதிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். மாமாவுக்குப் பிடித்தால் அந்தப் படத்துக்குப் போகமாட்டாள். மாமா தூங்கினால் போவாள்.

“அவர் முழிச்சிருந்தா படத்துல சத்தம் மட்டும்தான் இருக்கும். தூங்கினார்னா கதை இருக்கு” என்பது அவள் கண்டுபிடித்த சூத்திரம்.

ஒரே ஒரு தடவை, மாமா “பிரமாதம்” என்று சொன்ன படத்துக்குப் போனோம். இடைவேளையில் அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது.

மாமா தூங்கினாரா இல்லையா என்பதை அவர் வாய் வழியாக மட்டும் அவள் தெரிந்துகொள்வதில்லை. கன்னத்தையும் பார்ப்பாள். மாமா கையில் கட்டியிருப்பது பட்டையான இரும்புச் சங்கிலி போட்ட பழைய வாட்ச். தியேட்டரில் தூக்கம் வந்தால் அந்தக் கையில்தான் கன்னத்தைச் சாய்ப்பார். எழுந்து வரும்போது சங்கிலி முழுக்கக் கன்னத்தில் அச்சாகியிருக்கும். படி ஏறி வருகிறவரை வாசலில் நிறுத்தி, கன்னத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று முடிவு செய்துவிடுவாள்.

ஆக, மாமா சண்டைப் படத்தில் தூங்கவேண்டும். குறைந்தபட்சம் தூங்கியதாகச் சொல்லவேண்டும். தெய்வாதீனமாக அப்போது மாமாவின் வாய் என் கையில் இருந்தது.

அவருக்குப் புதுப் பல் செட் செய்துகொண்டிருந்தேன். அடுத்த வாரம்தான் தருவதாகச் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமையே அவரைக் கிளினிக்குக்கு வரச்சொன்னேன். செட்டைக் கையில் எடுத்து, அவர் கண் முன்னால் நீட்டினேன்.

“மாமா, நாளைக்கு ரெண்டு படத்துக்கும் போறீங்கதானே?”

“காலைல சண்டை. மத்தியானம் அழுகை. ஏன் தம்பி?”

“சாயங்காலம் என் வீட்டுல கேப்பா. சண்டைப் படத்துல தூங்கிட்டேன்னு சொல்லணும்.”

மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அவர் படத்துலயா? நானா? வெளியில தெரிஞ்சா என் மானம் என்ன ஆகறது?”

“மானம் வேணுமா, பல்லு வேணுமா?”

மாமா யோசித்தார். பல் இல்லாமல் யோசிக்கும்போது அவருடைய மூக்கும் முகவாயும் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளும்.

“அழுகைப் படத்தை என்ன சொல்லணும்?”

“பிரமாதம்னு சொல்லணும்.”

“அதுலதான் நிஜமாவே தூங்கிடுவேனே, தம்பி!”

“நல்லா தூங்குங்க. கன்னத்துல தழும்பு வேணும்ல?”

மாமா என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. வீட்டில் கிடைக்காத சரக்கு அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குஷியில் ஒரு வேலையை விட்டுவிட்டேன். புதுப் பல் மாட்டியவரை நான் சும்மா அனுப்பமாட்டேன். எதிரே உட்காரவைத்து ஏதாவது பேசச் சொல்வேன். எங்கே நழுவுகிறது என்று கேட்டு, தேய்த்து, மறுபடி பேசச் சொல்வேன். ஒரு சொல்லும் வழுக்காமல் வந்தால்தான் விடுவேன். மாமாவைப் பேசச் சொன்னால் ஏதாவது ஒரு படத்தின் கதையை எழுத்துப் போடும் இடத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து, அன்றைக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. கெட்டியானதைக் கடிக்காதீர்கள், கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விசில் அடிக்காதீர்கள் என்று சொல்லவேண்டும் என எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் மனைவி வாசலுக்குப் போனாள். நானும் தம்ளரோடு போனேன்.

மாமா வந்தார். கன்னத்தில் தழும்பு அச்சு அசலாக இருந்தது. வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

“என்ன மாமா, படமெல்லாம் எப்படி?”

“ஷண்டைப் படம் ஷுத்த மோஷம்மா. தூங்கித்தேன்.” தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

“அழுகைப் படம்?”

“பிரமாதம். கண்ணை மூடவே இல்லை.”

“பல்லு எங்க மாமா? நேத்துதானே இவர் போட்டுவிட்டார்?”

மாமா என்னைப் பார்த்தார். நான் தம்ளருக்குள் பார்த்தேன்.

“தூக்கத்துல விழுந்துதுச்சும்மா.”

“தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு?”

“ஏஷி.”

“முழங்கால்ல என்ன ஒட்டியிருக்கு? பாப்கார்னா?”

“குனிஞ்சு தேடினேம்மா. பல்லை.”

“கிடைச்சுதா?”

மாமா கைக்குட்டையைப் பிரித்தார். என் கலைப்படைப்பு இரண்டு துண்டாகக் கிடந்தது.

“தூக்கத்துல விழுந்த பல்லு ரெண்டா உடையுமா மாமா?”

“வயஷான பல்லும்மா” என்றார் மாமா. முந்தின நாள் பிறந்த பல்.

என் மனைவி மாமாவின் கன்னத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி கன்னத்தைப் பார்த்தாள்.

“தழும்பு நல்லா அழுந்தியிருக்கு” என்றாள். “சரி. சண்டைப் படத்துக்கே போயிடலாம்.”

எனக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது. தேர்வு அறைப் புலியாம்! பையன்கள் நடுங்குகிறார்களாம்! அவள் சமையலறைக்குள் போனதும் இரண்டு படி இரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போய் மாமாவைக் கட்டிக்கொண்டேன். நடந்ததை அவர் அப்போதுதான் சொன்னார்.

எல்லாம் கிளைமாக்ஸ் வரை ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. மாமா தொண்டை கட்டும்வரை கத்தினாலும், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு விசிலை மட்டும் அடக்கிப் பார்த்திருக்கிறார். கடைசியில் நாயகன் வில்லன் முன்னால் வந்து நின்று மெதுவாகக் கோட்டைக் கழற்றினாராம். ரயில் ஓட்டியவர் எப்படி ஊதாமல் இருப்பார்? இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். விசில் முதலில் போனது. பல் செட் அதன் பின்னாலேயே போனது. முன்வரிசையில் ஒருவர் வைத்திருந்த பாப்கார்ன் டப்பாவில் விழுந்ததாம். இருட்டில் கையை விட்டவர் போட்ட அலறலில், பக்கத்துத் தியேட்டரின் பேய்ப் படம் இங்கே வந்துவிட்டதோ என்று ஜனங்கள் எழுந்து நின்றார்களாம். டப்பா பறந்தது. பல்லை யாரோ மிதித்தார்கள்.

“கிளைமாக்ஷ் பூரா ஷீட்டுக்கு அடியிலதான் தம்பி கிடந்தேன். யாரு ஜெயிச்சாங்கன்னுகூடத் தெரியலை” என்று மாமா கண் கலங்கினார். அழுகைப் படத்தில் வராத கண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினேன். இருக்கிற முடியை அவர் பாணியில் வாரினேன். என் மனைவி புடவை கட்டிக் கைப்பையோடு நின்றாள். மாடியிலிருந்து மாமா இறங்கி வந்தார். அவர் சட்டையும் இஸ்திரி போட்டிருந்தது.

“கிளம்பலாமா?” என்றேன்.

“கிளம்பிட்டோம். நீங்க இதைப் பிடிங்க.” என் கையில் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். உள்ளே இருப்பது பல் என்று தொட்டதுமே தெரிந்தது.

“இது எதுக்கு இப்போ?”

“ஒட்டறதுக்கு. காலைப் படத்துல படுத்த தழும்பு சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்குமா? மத்தியானப் படத்துத் தழும்பைக் காலைப் படத்துக் கணக்குல எழுதறீங்க. எங்க ஸ்கூல்ல கடைசி பெஞ்சுப் பையன்கூட இதைவிடச் சுத்தமா பிட் அடிப்பான்.”

மாமா கூரையைப் பார்த்தார். என் முகத்தில் வழிந்த அசட்டைத் துடைக்க அந்தக் கைக்குட்டைதான் இருந்தது. அதில் பல் இருந்தது.

“எல்லாம் தெரிஞ்சா எதுக்கு சண்டைப் படம்னு சொன்னே?”

“புதன்கிழமை காலையிலேயே டிக்கெட் போட்டாச்சே. உங்க ஆளு படமாச்சேன்னு ரெண்டு சீட்டு. சொல்லாம கூட்டிட்டுப் போயி உங்க மூஞ்சியைப் பாக்கலாம்னு இருந்தேன். நாலு நாள் வாயை மூடிட்டு இருந்திருந்தா போதும்.”

அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனதுதான் பெரிய கொடுமை.

“அந்த ரெண்டாவது சீட்டு...”

“மாமாவுக்கு. உங்க அவசர வேலையால பாவம், கிளைமாக்ஸே பாக்கலையாம்.”

“மன்னிச்ஷுக்கோ தம்பி” என்றபடி மாமா எனக்கு முன்னால் படி இறங்கினார். எழுபது தாண்டிய கால் மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கிளினிக்கில், இஸ்திரி போட்ட சட்டையோடு, தனி ஆளாக உட்கார்ந்து பல்லை ஒட்டினேன். தேய்த்தேன். மெருகேற்றினேன். ஆத்திரத்தில் செய்ததாலோ என்னவோ, என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல செட் செய்ததில்லை. அவர்கள் தனியாகப் பார்த்தால் என்ன? புதன்கிழமை நானும் தனியாகப் போவேன். படம் எங்கே ஓடிவிடப்போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன் இரண்டு பேரும் நேராகக் கிளினிக்குக்கே வந்துவிட்டார்கள். மாமாவின் கன்னம் பளிச்சென்று இருந்தது.

“எப்படி இருந்தது?” என்றேன், வேண்டாவெறுப்பாக.

“பரவாயில்லை” என்றாள் என் மனைவி. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

மாமாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பல்லை மாட்டினேன். “முடிஞ்சுது மாமா, போலாம்” என்றேன்.

“அதெப்படி?” என்றாள். “பேசச் சொல்லிப் பாப்பீங்களே? அன்னிக்கு அதை விட்டுட்டீங்கன்னு மாமா சொன்னார். அதாலதானே இவ்வளவும்? மாமா, பேசுங்க.”

“என்னம்மா பேச?”

“இப்போ பாத்தோமே, கிளைமாக்ஸ். அதைச் சொல்லுங்க. எங்க நழுவுதுன்னு இவர் கேக்கட்டும்.”

நான் பதறிப்போய் வாயைத் திறந்தேன். “ஆ... ஆ...” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதை அவள் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டாள்.

மாமா ஆரம்பித்தார். கோட்டைக் கழற்றிய இடத்திலிருந்து, கடைசியில் செத்தவன் யார், பிழைத்தவன் யார், அந்தப் பிழைத்தவன் உண்மையில் யாருடைய அண்ணன் என்பது வரைக்கும் சொல்லி முடித்தார்.

பல் ஓரிடத்தில்கூட நழுவவில்லை.