அத்தான் வாழ்த்துச் சொன்ன வீடு

லைடன்,
திங்கட்கிழமை.

அன்பும் முழங்கால் வலியும் நிறைந்த அக்கா ஹில்ட்யேவுக்கு, தங்கை தெட்டி எழுதிக்கொண்டது. நானும் ஹார்மும் எங்கள் படகு வீடும் சுகம். மூவரில் படகு மட்டும்தான் இன்னும் ஒழுகவில்லை. உன் மகள் மார்லூஸைப் போன வாரம் பார்த்தேன், வயிறு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பதில் போடு. அத்தானின் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை கண்ணாலேயே பார்த்தாயிற்று, அலுத்துவிட்டது.

நீ போனில் சொன்னதை ஒரு முறை ஞாபகப்படுத்துகிறேன். "தெட்டி, சனி ஞாயிறு ரெண்டு நாள் அவரை ஊரைச் சுத்திக் காட்டுடி. கால்வாய், பாலம், சந்தைன்னு பாத்தார்னா மனசு இளகிடும். மார்லூஸ் இருக்கற லைடனுக்கே குடிவந்துடணும்னு மூணு வருஷமா கேக்கறேன், இப்ப அவளுக்குக் குழந்தையும் பொறக்கப் போகுது, அடுத்த வருஷம் பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கறாரே ஒழிய வேற வார்த்தை வரல." சரி, அக்கா கேட்கிறாளே என்று ஒத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் யாராவது என் வாயில் ஒரு ஹெரிங் மீனை வைத்து அடைத்திருக்கலாம்.

அத்தான் வந்து இறங்கினார். பையில் என்ன என்று பார்த்தால் உன் கையால் சுட்ட கறுப்பு ரொட்டி, உங்கள் ஃப்ரீஸ்லாந்து கிராம்புச் சீஸ் ஒரு பாறை, அப்புறம் தொழுவத்தில் போடுகிற மரச்செருப்பு. மாடுகளை வசந்தத்திலேயே விற்றுவிட்டார் என்றாய். இவர் மாட்டை விட்டாரே தவிர மாடு இவரை விடவில்லை. காலை நாலரைக்கு அந்த மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் இரும்புத் தளத்தில் ஏறி நடக்கிறார். அதற்கு நேர் கீழேதான் எங்கள் கட்டில். ஹார்ம் எழுந்து உட்கார்ந்து, படகில் எதுவோ மோதிவிட்டது என்று தண்ணீர் இறைக்கிற பம்பைத் தேடினார். நான் போர்வையோடு மேலே போனேன்.

"அத்தான், யாரைக் கறக்கப் போறீங்க?"

"பழக்கம்."

"இங்க வாத்துதான் இருக்கு."

"ம்."

அந்த 'ம்' இருக்கிறதே அக்கா, இதோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய உனக்குச் சிலை வைக்க வேண்டும்.

சனிக்கிழமை சந்தைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் லைடன் சீரகச் சீஸ் ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தேன். மென்றார், நிறுத்தினார், கடைக்காரனைப் பார்த்தார். "சீஸுக்குள்ள சீரகமா? இது மாட்டுக்குத் தெரியுமாப்பா?" கடைக்காரன் சும்மா இருப்பானா. "உங்க ஊர்ல கிராம்பு போடறீங்களே பெரியவரே, மாட்டைக் கேட்டா போட்டீங்க?" அத்தான் என் பக்கம் திரும்பி, "ஃப்ரீஸ்லாந்துல பொறந்துட்டு நீயும் ஹாலந்துக்காரியாவே ஆயிட்ட" என்றார், என்னவோ எனக்குச் சொறி வந்த மாதிரி. கால்வாய் எப்படி இருக்கிறது அத்தான் என்றால், "தண்ணி எங்க ஊர்லயும் இருக்கு. அதைப் பாக்க நாங்க வரிசைல நிக்கறதில்ல" என்கிறார். நான் கழுவித் துடைக்கிற சுற்றுலாப் படகிலேயே முன் சீட்டில் உட்கார வைத்தேன். பாலம் வந்தால் குனியுங்கள் என்று ஓட்டுகிறவர் சொன்னார். எல்லாரும் குனிந்தார்கள், ஒருவரைத் தவிர. தலை தப்பியது, தொப்பி தப்பவில்லை. அது தண்ணீரில் மிதந்து போக, பின்னாலேயே ஒரு அன்னம் போயிற்று. "அந்தத் தொப்பி பத்தொம்பது வருஷம் என் தலைல இருந்தது" என்றார். இரண்டு நாளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

மூன்று மணிக்கு என்னோடு படகு கழுவுகிற ரியாவின் பிறந்தநாள். நாலு மனிதர்களைப் பார்த்தாலாவது ஊர் பிடிக்கட்டும் என்று இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். ரியா போன மாதம்தான் வீடு மாறினாள், நான் பார்த்ததில்லை. பாலத்துக்கு எதிரே பச்சைக் கதவு, வாசலில் நிறைய சைக்கிள் நிற்கும் என்று சொல்லியிருந்தாள். பாலத்துக்கு எதிரே பச்சைக் கதவு இருந்தது. சைக்கிளும் இருந்தது. பாலத்துக்கு இரண்டு முனை உண்டு என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் சைக்கிளைப் பூட்டுவதற்குள் அத்தான் உள்ளே போய்விட்டார். போனால் வட்டமாக நாற்காலி, காப்பி வாசனை, ஆளுக்கு ஒரு துண்டு கேக். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பிறந்தநாள் யாருக்கோ, வாழ்த்து எல்லாருக்கும். அத்தான் வெறும் தலையோடு, இடது கோடியிலிருந்து ஆரம்பித்து, ஒருவரையும் விடாமல் கைகுலுக்கிக்கொண்டு போனார். "உங்க அம்மாவுக்காக வாழ்த்துகள். உங்க அத்தைக்காக வாழ்த்துகள்." பின்னாலேயே நானும். தோரணம் ஒன்றுகூட இல்லையே, ரியா இவ்வளவு கஞ்சமா என்று நினைத்தபடியே ஒன்பது பேருக்குக் கை கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் கறுப்பு உடை. பட்டணத்துக்காரர்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று அத்தான் நினைத்தாராம். நான் என்ன நினைத்தேன் என்று கேட்காதே.

கடைசி நாற்காலியில் ஒரு பெரியவர், ஹூபர்ட் என்று பெயர். அத்தான் அவர் கையைப் பிடித்து, "உங்க சம்சாரத்துக்காக வாழ்த்துகள். இன்னும் ரொம்ப வருஷம் நல்லா இருக்கணும்" என்றார். அப்போதுதான் சுவரோர மேசையில் மெழுகுவத்தியோடு இருந்த அவர் மனைவி மீப்பின் படம் என் கண்ணில் பட்டது. அன்று மதியம்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன், கால்வாய் இருக்கிறதே, அதிலாவது குதிக்கலாம் என்று. எதிர்க்கரையில் திரை போடாத ஜன்னலில் ரியாவும் அவள் விருந்தாளிகளும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டு அத்தானின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் காது வரைக்கும் சிவந்து நின்றார். பெரியவரோ அவர் கையை விடவில்லை. "காலைலேர்ந்து அறுவது பேர் வந்து 'வருத்தம், வருத்தம்'னு சொல்லிட்டுப் போனாங்க. மீப்போட அம்பத்திரெண்டு வருஷம் இருந்திருக்கேன், அதுக்கு ஒருத்தரும் வாழ்த்து சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. உக்காருங்க, கேக் சாப்பிடுங்க." அத்தான் உட்கார்ந்தார். நான் விளிம்பில் உட்கார்ந்தேன். பெரியவர் பேசினார், இவரும் பேசினார், மாட்டைப் பற்றி, உன்னைப் பற்றி, முக்கால் மணி நேரம். நம்பினால் நம்பு. மீப் கடலோரத்தில் ஒரு வாரம் தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம், "அடுத்த வருஷம்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றார் பெரியவர். அத்தான் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். கேக்கிலும் சீரகம் இருந்ததோ என்னவோ. அதற்குப் பிறகு தொடவில்லை.

ஞாயிறு காலை, "தொப்பியைத் தேடிட்டு வரேன்" என்று போனவர் மூன்று மணி நேரம் கழித்துத் தொப்பி இல்லாமல் வந்தார். "ஊர் எப்படி இருக்கு அத்தான், கடைசியா சொல்லுங்க" என்றேன். "ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

ஆகவே அக்கா, இந்த ஆசையை விட்டுவிடு. என்னால் முடிந்ததைச் செய்தேன், என் இடுப்பும் போயிற்று, ரியாவின் எதிரில் என் மானமும் போயிற்று. அந்த மனிதரை ஃப்ரீஸ்லாந்திலிருந்து பெயர்க்க ஹார்ம் வேலையில் கால்வாயில் விழுந்த சைக்கிள்களைத் தூக்குகிற கிரேன்தான் வேண்டும். குழந்தை பிறந்ததும் மார்லூஸை அங்கே வரச் சொல். நீ அழாதே. அழுதால் முழங்கால் இன்னும் வலிக்கும், எப்படி என்று கேட்காதே, உனக்கு எல்லாம் அங்கேதான் போய் இறங்குகிறது.

உன் வீட்டுக் கூரை ஒழுகாமலும், ரொட்டி கருகாமலும், அத்தான் நாலரைக்கு உன்னை எழுப்பாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் அசந்துபோன தங்கை,
தெட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பெரியவர் ஹூபர்ட் சைக்கிளில் வந்து நின்றார். உங்கள் விலாசம் வேண்டுமாம், வாடகைப் பத்திரம் அனுப்ப. அவர் மகள் வீட்டுக்குப் போகிறார், அந்தப் பச்சைக் கதவு வீடு காலியாகிறது. "உங்க அத்தான் நேத்து காலைல வந்து சமையலறை, படுக்கையறை எல்லாம் காலடியால அளந்தார். தன் சம்சாரத்துக்கு முழங்கால் வலின்னு சொல்லி வாசப்படியை மூணு தடவை ஏறி இறங்கிப் பாத்தார். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியே வரோம்னுட்டார். அவகிட்ட நானே சொல்லணும், யாரும் முந்திக்கக் கூடாதுன்னாரே, நான் பாட்டுக்கு உளறிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடுப்பில் போடு, நீ எதையும் படிக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லும்போது, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொல்லு. முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுது.