ஜோசப்பின் விரலுக்கு அளவு

சேசு மரி சூசை

செஞ்சி,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

மகாராஜஸ்ரீ சம்பந்தி லூர்துநாதன் அவர்கள் சமூகத்திற்கு, காஸ்பர் வணக்கத்துடன் எழுதியது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் நலம், என் மோதிர விரல் நீங்கலாக. அதன் கதை கீழே வருகிறது. புதுச்சேரியில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை ஆரோக்கியநாதனும் நலமென்று நம்புகிறேன்.

கல்யாண மோதிரத்துக்கு என் மகள் ஜோசப்பினுடைய விரல் அளவை உடனே அனுப்பச் சொன்னீர்கள். தவக்காலம் தொடங்குமுன் கல்யாணம் நடக்காவிட்டால் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும், பத்தர் அவசரப்படுகிறார், எல்லாம் புரிந்தது. தங்கள் மூத்த மகன் கல்யாணத்தில் மோதிரம் பெரிதாகிப் பீடத்தடியில் உருண்டு, சாமியார் குனிந்து தேடிய கதையைச் சம்பந்தியம்மாள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் என் மனைவி சவரியம்மாள் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அது விரல் கணுவைத் தாண்டிக் கழன்று வரவில்லை. கத்தரித்து எடுத்தபின், முடிச்சு எங்கே இருந்தது என்பதில் எங்களுக்குள் சண்டை. மாலையில் மல்லாட்டைக் கடலை உரித்துவிட்டு வந்த மகளுக்கு மறுபடி அளந்தால் விரல் தடித்திருக்கிறது. "இன்னாங்க இது, காலைல ஒரு பொண்ணு, சாயங்காலம் ஒரு பொண்ணா இருக்குது?" என்றாள் சவரியம்மாள். பக்கத்துக் கடைத் தையல்காரர் சாந்த் பாஷாவை அழைத்தேன். அவர் காகிதத்தைச் சுற்றிக் குறி வைத்துவிட்டு, "ஜாக்கெட்டுன்னா கொஞ்சம் துணி உள்ள மடிச்சு உடுவேன். மோதிரத்துக்கு எவ்ளோ உடணும் அண்ணே?" என்று என்னைக் கேட்கிறார்.

கடைசியில் சவரியம்மாளின் கல்யாண மோதிரம் மகளுக்குக் கச்சிதமாக இருந்தது. அதையே மாதிரிக்கு அனுப்பிவிடலாம் என்று கிளம்பினேன். தபாலாபீசுக்குப் போகும் வழியில் தொலைந்துவிடக் கூடாதே என்று என் விரலில் மாட்டிக்கொண்டேன். அது அங்கேயே தங்கிவிட்டது. சோப்பு, விளக்கெண்ணெய், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. "மோதிரத்தோட உங்களையும் பார்சல் கட்டி அனுப்பிடட்டுமா?" என்கிறாள் சவரியம்மாள்.

பெண்ணையே பத்தரிடம் அழைத்து வரலாமென்றால், கல்யாணத்துக்கு முன் அவள் மாப்பிள்ளை ஊருக்கு வருவது முறையில்லை. அவளோ மகா கூச்சக்காரி. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நீங்கள் பஸ் ஏறிய பிறகு, "அவரு எப்படி நைனா இருப்பாரு?" என்று என்னைத்தான் கேட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளையில் அந்த விரலைப் பிடித்துத்தான் சந்தைக்குக் கூட்டிப் போவேன். அதன்பின் இந்த வாரந்தான் மறுபடி பிடித்தேன். கண் கலங்கிவிட்டது. அளவு தப்பியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது, சம்பந்தி. காலை நூல், மாலை நூல், பாஷாவின் காகிதம் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவாக ஒன்றைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

தேவமாதா தங்கள் வீட்டாரைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக. சம்பந்தியம்மாளுக்கு என் வீங்கிய கையால் ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
காஸ்பர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஜோசப்பின் வந்து, ரிப்பன் டப்பாவிலிருந்து காய்ந்த குருத்தோலை மோதிரம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். போன குருத்து ஞாயிறன்று எல்லோரும் ஓலையில் சிலுவை செய்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் மோதிரம் செய்து இவள் விரலில் போட்டுப் பார்த்தாராம். அதே அளவில் இன்னொன்று செய்து தன்னிடம் வைத்திருக்கிறாராம். யாரடி அது என்றேன். "உங்க மாப்ளதான் நைனா. செஞ்சில அவங்க அத்த ஊட்டுக்கு வந்திருந்தாரு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், உங்க கையப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல" என்கிறாள். ஆகவே நூல்களையும் காகிதத்தையும் எறிந்துவிட்டு, அளவைத் தங்கள் மகனிடமே கேட்டுக்கொள்ளவும். ஏறிட்டும் பார்க்காத பெண் என்று மேலே எழுதியதை மட்டும் சம்பந்தியம்மாளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். மோதிரம் போடத் தெரிந்த பிள்ளைக்குக் கழற்றவும் தெரியுமா என்று கேட்டு எழுதவும். என் விரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.