முப்பத்தொன்றாம் நம்பர் பன்றியும் பதினோரு கையெழுத்தும்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் திரு. ஃபெலிக்ஸ் ப்ரூசார் அவர்களுக்கு, வாய்க்கால் கரை கடைசி வீட்டு ஓலிம்ப் ஆர்சனோ எழுதுவது. நீங்களும் உங்கள் அம்மாவும் அவர் முழங்காலும் சுகந்தானே? இங்கே என் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரும் சுகம். அதில் மூன்று பேர் காலேஜ் முடித்த சேதியை நீங்கள் போன வருஷம் போடாமல் விட்டதை நான் மறக்கவில்லை.

நம் ஊர் எல்லையில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தில் மிருகங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனிக்க ஒரு கமிட்டி உண்டு. அதில் நிலையத்தைச் சேராத வெளி ஆள் ஒருத்தர் இருந்தாக வேண்டுமாம், சட்டம். விஞ்ஞானம் தெரியாதவராக இருந்தால் ரொம்ப விசேஷமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று கேட்டதும் கமிட்டித் தலைவர் டாக்டர் விட்கோம் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகம் பொருந்தின மாதிரி. லூசியானாவில் ஐம்பது வருஷம் பன்றி வளர்த்து, வெட்டி, குடலில் சோறும் ஈரலும் அடைத்துத் தெருவுக்கே கொடுத்தவள் நான் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன புதன்கிழமை கூட்டம். இதய ஆபரேஷன் ஆன முப்பத்தொன்றாம் நம்பர் பன்றி நாலு நாளாகத் தீனியைத் தொடவில்லை, கிட்டே போனால் கடிக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார் தலைவர். மேஜையைச் சுற்றிப் பெரிய படிப்புக்காரர்கள் பத்துப் பேர். ஒருத்தர் தைராய்டு என்கிறார், ஒருத்தர் மனச்சோர்வு என்கிறார், இன்னொருத்தர் விளையாடக் கொடுத்த ரப்பர் பந்தின் நிறம் சரியில்லை என்கிறார், அதற்கு ஒரு படிவம் வேறு வைத்திருக்கிறார். நான் எழுந்துபோய் பன்றியையே பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருக்கட்டும் என்று பக்கத்துப் பட்டிக்கும் இதுக்கும் நடுவே இருக்கிற கம்பித் தடுப்பில் புதுசா ஒரு இரும்புத் தகடு அடைச்சு வெச்சிருக்காங்க, பாவம், இன்னொரு பன்றி மூஞ்சியையே பார்க்க முடியல. "ஏன்யா, தகட்டைக் கழட்டுங்கய்யா, தனியா கெடந்தா எவனுக்குத்தான் சோறு எறங்கும்?"னு கேட்டேன். "அம்மா, தனியா வைக்கணும்னு ஆராய்ச்சித் திட்டத்திலேயே இருக்கு. மாத்தணும்னா பதினோரு கையெழுத்து, ஆறு வாரம்"ங்கிறார் விட்கோம். "ஊசி போட?" "ஒரு கையெழுத்து. என்னோடது." எப்படி இருக்கு பாருங்க ஃபெலிக்ஸ் தம்பி! கொல்றதுக்கு ஒத்தைக் கையெழுத்து, ஆணி கழட்டப் பதினொண்ணு! நான் மேஜையில ஒரு தட்டு தட்டினேன், காப்பி எல்லாம் அந்தப் பந்துக்காரர் படிவத்து மேல.

அப்போதான் மூலையில உட்கார்ந்திருந்த கால்நடை டாக்டரம்மா ஜனெல் ஓக்ஸ், பன்னெண்டு வருஷமா அந்தக் கூட்டத்தில வாயே தொறக்காதவங்க, மெதுவா சொன்னாங்க: "வைத்தியத்துக்கு ஓட்டு வேண்டியதில்ல. நான் சீட்டு எழுதினாப் போதும்." எழுதினாங்க. மருந்து: பக்கத்துப் பன்றி ஒன்று, நாள் முழுக்க, கண்ணால் பார்க்க. கீழே கையெழுத்து. விட்கோம் அந்தச் சீட்டை மூணு தடவை படிச்சார், தகட்டைக் கழட்டிக் கம்பியை மட்டும் விட்டாங்க. வியாழக்கிழமை விடியறதுக்குள்ள முப்பத்தொண்ணு தொட்டியை நக்கி முடிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை ஊசி இல்லை.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, பத்து டாக்டர் பட்டமும் சேர்ந்து ஒரு பன்றிக்குப் பசியெடுக்க வைக்க முடியவில்லை என்பதை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், என் பெயரோடு போடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அச்சு யந்திரம் மக்கர் பண்ணாமல் ஓடட்டும், அம்மாவின் முழங்காலுக்கு மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓலிம்ப் ஆர்சனோ

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா போன் பண்ணினாங்க. முப்பத்தொண்ணு நல்லா குண்டாயிட்டு வருதாம். பக்கத்துல இருக்கிற முப்பத்திரண்டுதான் எலும்பும் தோலுமா ஆயிட்டுதாம். கம்பி இடுக்குல மூக்கை விட்டு அதோட தீனியையும் நம்ம முப்பத்தொண்ணாரே தின்னுட்டிருந்திருக்கார். திரும்பத் தகடு போட இன்னிக்குக் கமிட்டியில ஓட்டு, முதல்ல கை தூக்கினது நான். கடிதத்தைப் போட வேண்டாம். இந்தப் பி.கு. வரை படிக்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டிருந்தால், என் பெயருக்குப் பதில் எதிர்வீட்டு க்ளோத்தீல்ட் பெயரைப் போடவும். அவள் பத்திரிகை வாங்குவதில்லை.