ஆக்ஸிலரேட்டரில் அன்னா

"ஆஃப் பண்ணிடாதீங்க, அப்புறம் ஸ்டார்ட் ஆகாது" என்று வீட்டுக்குள்ளிருந்து அன்னா குரல் கொடுத்தார்.

கிளெமென்ட் ஆஃப் பண்ணவில்லை. வண்டியே ஆஃப் ஆகிவிட்டது.

பிரேசர் டவுனில் அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பழைய கேம்பர் வேன் ஓடும்போது ராஜா மாதிரி ஓடும். நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஐட்லிங்கில் வைத்தால்தான் தொல்லை. குளிர்காய்ச்சல் கண்டவன் போல உடம்பெல்லாம் உதறும், ஒரு விக்கல் விக்கும், செத்துவிடும். பெங்களூரில் சிக்னலுக்கு சிக்னல் செத்துப் பிழைக்கிற வண்டியை வைத்துக்கொண்டு ஓசூர் வரைக்கும்கூடப் போகமுடியாது. கிளெமென்ட் போகவேண்டியதோ வேளாங்கண்ணிக்கு.

அது அவர் மனைவி அன்னாவின் நேர்ச்சை. குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது செய்த நேர்ச்சை. பிழைத்து எழுந்தால் சொந்த வண்டியில் திருவிழாவுக்கு வந்து நன்றி சொல்கிறேன் தாயே என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் நன்றாக நடந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அன்னாதான் நம்பவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். அதற்கு மேல் அவர் உலகம் நீளவில்லை. அவ்வளவு தூரம் உட்கார்ந்துகொண்டு ரயிலில் போக முடியாது. வேனிலோ பின்னால் படுக்கை இருக்கிறது.

"படுத்துக்கிட்டே போயிடலாம் அன்னா, வண்டி மட்டும் உதறாம இருக்கட்டும்" என்றார் கிளெமென்ட்.

"வண்டி உதறினா என் இடுப்பும் சேர்ந்து உதறும். அதை மொதல்ல சரி பண்ணுங்க" என்றார் அன்னா.

முதலில் கிளெமென்ட் தானே கை வைத்தார். கார்பரேட்டரில் ஐட்லிங்குக்கென்று ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கொஞ்சம் முறுக்கினார். உதறல் நின்றது; அலறல் ஆரம்பித்தது. வேன் போட்ட கரும்புகை மாடியில் குடியிருக்கும் லவினா காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் போய்ப் படிந்தது. லவினா விரிப்பை எடுத்துக்கொண்டு கீழே வந்து, வாயால் ஒன்றும் சொல்லாமல் அதை விரித்துக் காட்டினாள். கிளெமென்ட் பதிலுக்கு அந்த ஸ்க்ரூவைக் காட்டி விளக்கினார். அது அவர் வழக்கம். பேப்பர்காரர், கேஸ் சிலிண்டர்காரர், அன்னாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர சாயங்காலம் வரும் ஸ்னேஹா, பங்குச் சாமியார் என்று வாசலுக்கு யார் வந்தாலும், "இதை ஒரு நூல் திருப்பினா போதும், வண்டியோட குணமே மாறிடும்" என்று காட்டாமல் விடமாட்டார்.

ஸ்க்ரூவைத் தளர்த்தினார். வண்டி இப்போது விக்கக்கூட இல்லை. நேராகச் செத்தது.

ஆஸ்டின் டவுனிலிருந்து மெக்கானிக் கோவிந்தப்பா வரவழைக்கப்பட்டார். பழைய ஸ்கூட்டர்களிலேயே தலை நரைத்தவர். காற்றிலேயே குளிர்கிற எஞ்சின் என்றால் தனக்கு ஸ்கூட்டரும் ஒன்றுதான், கப்பலும் ஒன்றுதான் என்றார். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிற வேலையே கிடையாது என்று அவர் சொன்னதை அன்னா ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, "பாவம், இத்தனை சூட்டுல ஒரு வாய் தண்ணி கூட குடிக்காதா?" என்று வருத்தப்பட்டார்.

அந்த வேனில் எஞ்சின் பின்னால், ஆக்ஸிலரேட்டர் முன்னால். பின்னால் ஒருவர் குடைந்தால் முன்னால் ஒருவர் மிதிக்கவேண்டும்.

"சார், நீங்க போய் மிதிங்க" என்றார் கோவிந்தப்பா.

"நான் பாக்கணும்ப்பா. என் வண்டி" என்றார் கிளெமென்ட்.

லவினா வைட்ஃபீல்டு வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஸ்னேஹா அப்போதுதான் ஸ்கூட்டியை வேனுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டிருந்தாள். அவளை மிதிக்கச் சொன்னார்கள்.

"எனக்கு கியர் வண்டின்னா பயம் அங்கிள். ஆன்ட்டி மிதிக்கட்டுமே" என்றாள் அவள்.

அன்னா சிரித்தார். வாசலில் இருக்கும் ரெண்டு படியையே ஏற இறங்க மாட்டேன் என்று ஸ்னேஹாவோடு தினமும் சண்டை போடுகிறவர் அவர். வேன் சீட்டோ இடுப்பு உயரம். ஆனால் எஞ்சின் அதற்குள் விக்க ஆரம்பித்துவிட்டது. "அம்மா, சீக்கிரம், சாகப்போகுது" என்று கோவிந்தப்பா பின்னாலிருந்து கத்தினார். என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் அன்னா வாக்கரைப் போட்டுவிட்டுப் படியிறங்கி, ஸ்னேஹாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாதாவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கோவிந்தப்பா பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறியது. இன்னொன்றைக் கழற்றினால் அதற்கு ஒரு கவலையும் இல்லை. "இவன்தான் வேலை செய்யாம சம்பளம் வாங்குறவன்" என்று அந்த சிலிண்டரின் பக்கம் துழாவி, வெடித்திருந்த ஒரு ரப்பர் ஹோஸைக் கண்டுபிடித்து மாற்றினார். ஸ்க்ரூவைப் பழைய இடத்தில் வைத்தார். வேன் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது.

"என் காலுக்குக் கட்டுப்பட்டுடுச்சு பாருங்க" என்றார் அன்னா. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் வேன் மறுபடி உதறியது.

கோவிந்தப்பா மறுபடி வந்தார். பிளக்கை மாற்றினார். அன்னா ஏறினார், மிதித்தார், இறங்கினார். சாயங்காலம் சரியாக இருந்தது, காலையில் உதறியது. தீப்பொறி கொடுக்கும் பாயிண்ட்டை மாற்றினார். அன்னா ஏறினார், மிதித்தார். காலையில் உதறியது. வால்வு இடைவெளியைப் பார்க்கவேண்டும், அதற்கு எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும் என்றார். அரை நாள் ஆறவிட்டு அதையும் பார்த்தார்கள். அதற்குள் அன்னாவுக்கு வேலை பிடிபட்டுவிட்டது. யாரும் கூப்பிடாமலேயே வந்து ஏறிக்கொண்டு, "ம், ஆரம்பிங்க" என்று பின்பக்கம் உத்தரவு போட்டார்.

கோவிந்தப்பாவுக்குத்தான் சந்தேகம் வந்தது.

"சார், உண்மையச் சொல்லுங்க. நான் போனதும் ஸ்க்ரூவைத் தொடுறீங்களா?"

"தொடலைப்பா."

"நான் வச்ச இடத்துல அது இல்லையே."

"உதறல்ல தானா சுத்திக்குது போல."

"அவரு தொடுவாருப்பா. டிவி ரிமோட்டையே திறந்து பாக்கிற மனுஷன்" என்றார் அன்னா சீட்டிலிருந்து.

கிளெமென்ட்டை யாரும் நம்பவில்லை. கடைசியில் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்துபோய்த் திருப்புகிறேனோ என்று பயந்து, ஸ்க்ரூடிரைவரைப் பைபிளுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் உதறியது.

திருவிழாக் கொடி ஏறி, தேருக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்று செய்தி வந்தது. அன்றைக்குப் பார்த்து வண்டி உதறக்கூட இல்லை. இருமியது, துப்பியது, கொர் என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. கோவிந்தப்பா பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தார். அடியில் தண்ணீர் தனியாகத் தெளிந்து நின்றது.

எல்லாரும் கிளெமென்ட்டைப் பார்த்தார்கள். அவர் அன்னாவைப் பார்த்தார்.

"ஒரு மூடிதான் ஊத்தினேன்" என்றார் அன்னா. பிறகு, "நேத்து நல்லா ஓடிச்சேன்னு இன்னும் கொஞ்சம்" என்றார்.

"என்னத்தை அன்னா?"

"வேளாங்கண்ணித் தீர்த்தம். அதைத்தானே நானும் தெனம் ஒரு மூடி குடிச்சேன்? எனக்குக் குணமாயிடுச்சு. வாயே நனைக்காத எஞ்சின், அதுக்கும் ஆவட்டும்னு..."

கிளெமென்ட் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பெட்ரோல் மூடி வேனின் பின்பக்கம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வாக்கர் இல்லாமல், பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இவள் அதுவரை நடந்துபோயிருக்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கோவிந்தப்பா டாங்க்கைக் காலி செய்து, துடைத்து, புதுப் பெட்ரோல் விட்டார். எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம், இனி உதறாது என்று தன் கடையின் மேல் சத்தியம் செய்தார்.

காலையில் உதறியது.

கோவிந்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "சார், இது எஞ்சின் இல்ல, வேற ஏதோ" என்றார். போகிற போக்கில் ஸ்க்ரூவை மட்டும் பழையபடி வைத்துவிட்டுப் போனார். கிளெமென்ட் வாசலிலேயே நின்றார். நாளைக்குக் கிளம்பாவிட்டால் தேரைப் பார்க்க முடியாது. அன்றைக்கு சாயங்காலம் ஸ்னேஹாவிடம் அதைச் சொன்னார். அவ இந்த வருஷம் போகலேன்னா அப்புறம் போகவே மாட்டாம்மா, பயம் மறுபடி வந்து உக்காந்துக்கும் என்றார். ஸ்னேஹா கேட்டுக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியை வாசல் படியில் பலமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

விடிந்ததும் கிளெமென்ட் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

வேன் உதறவில்லை. விக்கவில்லை. பூசையில் உட்கார்ந்திருக்கும் நல்ல பிள்ளை மாதிரி அடக்கமாக ஓடியது. காத்திருந்து பார்த்தார். நிற்கவில்லை. கோவிந்தப்பாவுக்கு ஃபோன் போட்டு எஞ்சினிடமே ஃபோனை நீட்டினார். அந்தப் பக்கத்தில் கோவிந்தப்பா, "தேவரு தொட்டவரு சார், கடவுள் பெரியவரு, நான் இல்ல" என்றார். லவினா மாடியிலிருந்து இறங்கிவந்து, வழியில் சாப்பிட இட்லிப் பொட்டலம் கொடுத்தாள். விரிப்பைப் பற்றிப் பேசவில்லை.

அன்னா புதுப் புடவையில் வந்தார். வாக்கரை வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்தார். கிளெமென்ட் பின்னால் படுக்கையைத் தட்டிப்போட்டுக் காத்திருந்தார். அன்னா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"படுத்துக்கிட்டுப் போனா ரோடு தெரியாதுங்க" என்று சொல்லி, முன்சீட்டுக் கதவைத் திறந்து, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கிளெமென்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதாவே, உமக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வேனை ரிவர்ஸ் எடுத்தார். வழியனுப்ப வந்திருந்த ஸ்னேஹா ஜன்னலோரம் வந்து நின்றாள். அவளுக்கும் ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது அவருக்கு.

"மாதாகிட்ட உனக்கு என்னம்மா வேண்டிக்கணும்? சொல்லு, மெழுகுவத்தி ஏத்திட்டு வரோம்."

ஸ்னேஹா ஒரு நிமிஷம் அன்னாவைப் பார்த்தாள். பிறகு கிளெமென்ட்டின் பக்கம் குனிந்து சொன்னாள்:

"மன்னிப்பு கேட்டுடுங்க அங்கிள், கோவிந்தப்பா அண்ணா மொத நாளே சரி பண்ணிட்டாரு, ஆன்ட்டி தெனம் ஏறி எறங்கட்டும்னு போறப்பல்லாம் அந்த ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டது நான்தான்."